தொண்டையின் படை

அந்தக் கல்லூரியின் மாணவர் படையில் கமாண்டர் போக இருபத்தேழு பேர். மூன்று மூன்று பேராக ஒன்பது வரிசை. அவர்களுக்குக் கட்டளையிட ஒரு கமாண்டர் வேண்டும் என்று வந்தபோது பொறுப்பு அதிகாரி ஒரு சோதனை வைத்தார். அதிகாரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். விலங்கியல் விரிவுரையாளர். வாரத்தில் ஐந்து நாள் தவளையின் வயிற்றைக் கிழித்துக் காட்டுவார். சனிக்கிழமை மட்டும் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு, கக்கத்தில் ஒரு பிரம்பை இடுக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். எங்கோ ஆறு வாரப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்கு ஒரு வியாதி. வெறுமனே 'சார்' என்று கூப்பிட்டால் காது கேட்காது. 'ஆபீசர் சார்' என்றால்தான் திரும்புவார்.

அவர் வைத்த சோதனை இதுதான்: மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று 'அட்டென்ஷன்' என்று கத்த வேண்டும், அந்தக் கோடியில் அவர் நின்று கேட்பார். எட்டுப் பேர் கத்தினார்கள். ஏழு பேரின் சத்தம் பாதி வழியிலேயே படுத்துவிட்டது. எட்டாவதாக ஒருவன் கத்தினான். சைக்கிள் நிறுத்துமிடத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடியது. கேன்டீன்காரர் கையில் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். ஆபீசர் சாருக்கு முகமெல்லாம் பல். அங்கேயே, அந்த நிமிஷமே, அவனைக் கமாண்டர் என்று அறிவித்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற டிரில் மாஸ்டர் மெல்ல ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அவர் நிஜ ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். சத்தம் இருந்தால் மட்டும் போதாது, கால் தெரிய வேண்டும் என்றார். காலெல்லாம் பழகிக்கொள்வான் என்றார் ஆபீசர். டிரில் மாஸ்டர் "சரிங்க சார்" என்றார். இருபத்திரண்டு வருஷமாக அவர் வாயில் மற்ற எதையும்விட அதிகமாக வந்த சொல் அதுதான். அதைச் சொல்லிவிட்டு அவரால் நிம்மதியாகத் தூங்கவும் முடியும்.

அன்று முதல் அந்த எட்டாவது ஆளுக்குத் தொண்டை என்று பெயர் வந்தது. அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

பாதி வழியில் படுத்துப்போன ஏழு குரல்களில் ஒன்று, கணக்குப் பாடம் மூன்றாம் ஆண்டு படித்த ஒரு பெண்ணுடையது. படையில் அவளை நூல் என்று கூப்பிட்டார்கள். அவள் அம்மா சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தார் என்பது ஒரு காரணம். அவள் நடந்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பது இன்னொன்று. அதனால்தான் அவளுக்கு முதல் வரிசையின் வலது ஓரம். மற்ற இருபத்தாறு பேரும் அவளைப் பார்த்துத்தான் வரிசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கமாண்டர் பதவி கிடைக்கவில்லையே என்று அவள் அழவில்லை. ஆனால் கிடைத்தது யாருக்கு என்பதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

நடந்துகொண்டிருக்கும் படைக்குக் கட்டளை கொடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டளையின் முதல் பாதி எச்சரிக்கை. இரண்டாம் பாதி வந்ததும் செய்ய வேண்டும். அந்த இரண்டாம் பாதி எந்தக் கால் தரையில் படும்போது விழ வேண்டும் என்று கணக்கு உண்டு. 'ஹால்ட்' என்பது இடது காலில் விழ வேண்டும். கால் மாறி விழுந்தால் பாதிப் பேர் நிற்பார்கள், பாதிப் பேர் அவர்கள் முதுகில் மோதுவார்கள். தொண்டைக்கு இடது காலும் இல்லை, வலது காலும் இல்லை. மூச்சு எங்கே தீருகிறதோ அங்கே கட்டளை விழும். டிரில் மாஸ்டர் அவன் பக்கத்திலேயே நடந்து, கையைத் தட்டித் தட்டிக் காட்டினார். தொண்டை அந்தத் தட்டலையும் மீறிக் கத்தினான்.

முதல் மாதம் முழுக்க முட்டலும் மோதலும்தான். ஒவ்வொரு முறையும் தொண்டை இடுப்பில் கை வைத்துக்கொண்டு படையைப் பார்ப்பான். தான் ஒழுங்காகச் சொன்னதாகவும், கழுதைகளுக்குக் காது இல்லை என்றும் சொல்வான். பிறகு மைதானத்தைச் சுற்றி ஐந்து சுற்று ஓடச் சொல்வான். அவன் ஓட மாட்டான். கமாண்டர் ஓடினால் மரியாதை போய்விடும் என்று ஆபீசர் சார் சொல்லியிருந்தார்.

நான்காவது சனிக்கிழமை, ஓடி முடித்து வியர்க்க வியர்க்கக் குழாயடியில் நின்றபோது, நூலுக்கு நேர் பின்னால் நடக்கும் தோழி சொன்னாள், இனி ஒரு சுற்று ஓடினால் தான் செத்துவிடுவதாக. அவளுக்குப் பன் என்று பெயர். முகம் அப்படி. கோபம் வந்தாலும் அந்த முகத்தில் கோபம் தெரியாது என்பது அவளுடைய நிரந்தரக் குறை.

"அவன் வாயை நம்பி நடந்தா நாம செத்தோம். இனிமே யாரும் அவன் பேச்சைக் கேக்காதீங்க," என்றாள் நூல்.

"கேக்காம எப்படிடீ திரும்புறது?"

"என் குதிகாலைக் கேளுங்க."

மறுநாளே அவள் செருப்புத் தைப்பவரிடம் போய்த் தன் பூட்ஸின் இடது குதிகாலில் ஓர் இரும்பு லாடம் அடித்துக்கொண்டாள். மைதானத்தில் தார் போட்டிருந்தது. ஓங்கி வைத்தால் 'டக்' என்று கடைசி வரிசை வரை கேட்டது. ஏற்பாடு எளிமையானது. தொண்டை என்ன கட்டளை வேண்டுமானாலும் எந்தக் காலில் வேண்டுமானாலும் சொல்லட்டும். அது என்ன கட்டளை என்பதை மட்டும் எல்லோரும் காதில் வாங்கிக்கொள்வார்கள். யாரும் உடனே அதைச் செய்ய மாட்டார்கள். சரியான அடி வரும்போது நூல் குதிகாலை ஓங்கி வைப்பாள். அந்த 'டக்'கில் இருபத்தேழு பேரும் ஒன்றாகத் திரும்புவார்கள், ஒன்றாக நிற்பார்கள்.

இரண்டே வாரத்தில் படை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஆபீசர் சார் பிரம்பைத் தொடையில் தட்டித் தட்டி ரசித்தார். தொண்டையோ தன் குரல் கடைசியில் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நம்பினான். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. தான் சொல்லி ஓர் அடி, சில நேரம் ஒன்றரை அடி கழித்துத்தான் படை அசைகிறது என்பது அவன் கண்ணில் படவே இல்லை. கத்தும்போது கண்ணை மூடிக்கொள்கிறவனுக்கு என்ன தெரியும்?

டிரில் மாஸ்டருக்குத் தெரிந்தது. ஒருநாள் அணிவகுப்பு கலைந்தபோது அவர் நூலின் பூட்ஸைப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்குச் செருப்புத் தைக்கிறவர் கெட்டிக்காரர்," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இவருக்கு இருபத்திரண்டு வருஷம் எப்படிப் போனது என்று நூலுக்கு அப்போது புரிந்தது. அவரையும் அவள் தன் மனசுக்குள் இருந்த கேவலமானவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பட்டியல் நீளமாகிக்கொண்டே போனது. அதைப் புரட்டிப் பார்ப்பது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அவர்களுக்கு முதலிடம். சிறந்த கமாண்டருக்கான கோப்பை தொண்டைக்கு. திங்கட்கிழமை காலை கல்லூரிக் கூட்டத்தில் அவனை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். தலைமைப் பண்பு என்பது பிறவியிலேயே வருவது, கற்றுக்கொடுத்து வராது என்றான். தன் குரலைக் கேட்டதுமே படையின் உடம்பில் ஒரு மின்சாரம் ஓடுவதைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னான். பன் சிரிப்பை அடக்க முடியாமல் விக்கல் எடுத்தாள். நூல் சிரிக்கவில்லை. மின்சாரம் எங்கே ஓடுகிறது என்று குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வெற்றியால் ஆண்டு விழா அணிவகுப்பில் நடக்கும் பெருமை அவர்களுக்குக் கிடைத்தது. சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய ராணுவ அதிகாரி வருவதாக ஏற்பாடு. விழாவுக்கு முந்தின நாள் காலை கடைசி ஒத்திகை. அப்பழுக்கில்லாமல் நடந்தது. எல்லோரும் கலைந்த பிறகு தொண்டை நூலை மட்டும் நிற்கச் சொன்னான். பக்கத்தில் ஆபீசர் சார்.

"உன் பூட்ஸ் சத்தம் ரொம்ப ஓவரா இருக்கு," என்றான் தொண்டை. "என் கமாண்டை அது அமுக்குது. நாளைக்குப் பெரிய ஆளு வர்றாரு. அந்த இரும்பைக் கழட்டிடு."

நூல் ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று தேடினாள். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை, வேறு எதுவுமே இல்லை.

"நிஜமாவா?"

"கமாண்டர் சொன்னா சொன்னதுதான்மா," என்றார் ஆபீசர் சார். "கேள்வி கேக்கிறது டிசிப்ளின் இல்ல."

"எஸ் சார்," என்றாள் நூல். குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட்டும் வைத்தாள். அதுவரை அவள் வைத்த சல்யூட்களிலேயே ஆகச் சிறந்தது அதுதான்.

சாயங்காலம் செருப்புத் தைப்பவரிடம் போனாள். நல்ல லாடத்தை எதற்குப் பிடுங்கச் சொல்கிறாய் என்று அவர் கேட்டார். மேலிடத்து உத்தரவு என்றாள். நடந்து வீட்டுக்குத் திரும்பும்போது பூட்ஸ் பூனை மாதிரி சத்தமில்லாமல் போனது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாளைக்கு அந்தத் தொண்டையிலிருந்து என்னதான் வருகிறது என்று ஊரே பார்க்கட்டும். தன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பேருந்தில் பன் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரப் பயணம். சட்டைக் கஞ்சி கழுத்தை அறுக்கிறது, விருந்தினர் பேசி முடிப்பதற்குள் பசி உயிரை எடுக்கும் என்று பன் பேசிக்கொண்டே வந்தாள். நூல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். லாடத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. இரண்டு முறை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பன் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவாள், அவர்கள் வேறு ஏதாவது வழி பண்ணிவிடுவார்கள், தொண்டை இன்னொரு முறை தப்பித்துவிடுவான். அதனால் சொல்லவில்லை.

மைதானம் நிறைந்திருந்தது. பந்தலுக்குக் கீழே நாற்காலிகள், பூந்தொட்டிகள், ஓரத்தில் பேண்டு வாத்தியக் குழு. பெற்றோர்களுக்கான படிக்கட்டில் நூலின் அம்மா கடைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். படையின் தோளில் கட்டைத் துப்பாக்கிகள். குழல் முனை பின்பக்கம் சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும்.

மேடை வரை ஒருமாதிரி போய்விட்டது. நேராக நடப்பதற்குக் கட்டளை தேவையில்லையே. மேடையைத் தாண்டியதும் 'அபௌட் டர்ன்'. அதாவது, நடந்துகொண்டே முழுக்கப் பின்னால் திரும்பி வந்த வழியே போக வேண்டும். தொண்டை கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். "அபௌ... ட்" என்று இழுத்தான், இழுத்துக்கொண்டே போனான், மூச்சு தீர்ந்த இடத்தில் "டர்ன்" என்றான். தப்பான கால்.

நூல் கட்டளைப்படி அந்த அடியிலேயே திரும்பினாள். முன்வரிசையில் அவளைப் பக்கத்தில் பார்த்து நடந்தவர்களும் திரும்பினார்கள். பின்னால் இருந்தவர்கள் திரும்பவில்லை. அவர்கள் 'டக்'குக்காகக் காத்திருந்தார்கள். அது வராததால் இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தார்கள். திரும்பும்போது நூலின் தோளில் இருந்த கட்டைத் துப்பாக்கியின் முனை எதன் மேலோ பட்டது. என்னவென்று அவள் பார்க்கவில்லை. அவள் கண் தொண்டையின் மேல் இருந்தது.

அதன் பிறகு நடந்ததைத் தொண்டை ஒருவனே நடத்தினான். அவன் ஒரே மூச்சில் "ஹால்ட்" என்றான், "நிக்காதீங்க" என்றான், "லெஃப்ட் ரைட்" என்றான், மறுபடியும் "ஹால்ட்" என்றான். ஆளுக்கு ஒரு கட்டளையைப் பொறுக்கிக்கொண்டார்கள். ஒன்பது பேர் நின்றார்கள். ஆறு பேர் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஐந்து பேர் நேராகப் பேண்டு குழுவுக்குள் நடந்து போனார்கள். பெரிய டிரம் அடிப்பவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். பந்தலில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். சிறப்பு விருந்தினர் சல்யூட் வைத்த கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். ஆபீசர் சாரின் பிரம்பு கக்கத்திலிருந்து நழுவி விழுந்தது.

நூல் சிரித்தாள். அடக்கியும் முடியவில்லை. ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த சிரிப்பு. முகத்தைத் திருப்பியபோதுதான் பன்னைப் பார்த்தாள். பன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. முன்பல்லில் பாதி தாரில் கிடந்தது.

மறுநாள் விசாரணை. படையின் கிடங்கு அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கும் அடுக்கி வைத்த கட்டைத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு ஆபீசர் சார் உட்கார்ந்திருந்தார். தொண்டை, படை வேண்டுமென்றே தன்னைக் கவிழ்த்துவிட்டது என்றான். நேற்றுக் கத்தியதில் அவனுக்குக் குரல் கட்டியிருந்தது. காதுக்கு ஓர் ஓய்வு. ஒவ்வொருவரும் நடந்ததை எழுதித் தர வேண்டும் என்றார் ஆபீசர். பெரும்பாலோர் கட்டளை சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள்.

நூல் இரண்டு பக்கம் எழுதினாள். முந்தின நாள் வீட்டுக்குப் போனபோது அம்மா ஒன்றும் திட்டவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே ஒன்றைத்தான் சொன்னார்.

"யாரு தப்பு பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு ரத்தம் கொட்ட உக்காந்திருந்தப்போ நீ சிரிச்சிட்டிருந்தே. அதை நான் பார்த்தேன்."

பன்னை அப்போது தான் பார்க்கவே இல்லை என்று சொல்ல நூல் வாயைத் திறந்தாள். பார்க்கவில்லை என்பதே போதுமான அசிங்கம் என்று தோன்றவே மூடிக்கொண்டாள். அதனால் எல்லாவற்றையும் எழுதினாள். குதிகால் ஏற்பாடு, லாடம், அதைக் கழற்றச் சொன்னது யார், கழற்றியதை இருபத்தாறு பேரில் ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்தது தான் என்பது, பன்னின் பல்லில் பட்டது தன் துப்பாக்கி என்பது.

ஆபீசர் சார் அதை இரண்டு முறை படித்தார். முகம் வெளிறியது. லாடத்தைக் கழற்றச் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியது யார் என்பது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். போட்டியில் வாங்கிய கோப்பை முதல்வர் அறையில் இருந்தது. அது ஒரு குதிகாலுக்குக் கிடைத்த கோப்பை என்று எழுத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதும் வந்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் எழுத வேண்டாம்மா. சின்ன விஷயம். தரை வழுக்கிடுச்சுன்னு போட்டுக்கலாம்."

"மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு சார்."

"தண்ணி தெளிச்சிருந்தாங்கல்ல?"

யாரும் தெளிக்கவில்லை. இருந்தாலும் அறிக்கை அப்படித்தான் போனது. டிரில் மாஸ்டரிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் "சரிங்க சார்" என்று போட்டுக் கொடுத்தார். ஈரத் தரையிலும் நிலை குலையாமல் படையை நடத்த முயன்றதற்காகத் தொண்டைக்கு ஆண்டு இறுதியில் ஒரு சான்றிதழ் கிடைத்தது. தொண்டை அதைச் சட்டம் போட்டு மாட்டினானாம். ஆனால் விழாவுக்குப் பிறகு அவன் அணிவகுப்புப் பக்கமே வரவில்லை. விளையாட்டு விழாவில் மைக் பிடிக்கும் வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு மைக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நூல் மட்டும் தன் இரண்டு பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். குழாயடியில் படையைக் கூட்டி, அதை வாய்விட்டுப் படித்தாள். பின்னால் நின்றவர்களுக்குப் பாதிதான் கேட்டது. முன்னால் நின்ற ஒருவன் அவள் படித்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிட அவமானம் அவளுக்கு வேறு வேண்டியிருக்கவில்லை. சிலர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவன், நீயும் அவனும் ஒன்றுதான், இரண்டு பேருக்குமே நாங்கள் கட்டைத் துப்பாக்கிதானே என்றான். பன் பல்லுக்கு உறை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். படித்து முடிக்கும்வரை நூலின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தது தப்பு என்று நூலுக்குத் தெரிந்தது.

மூன்று வாரம் படைக்குக் கமாண்டரே இல்லை. யாரும் முன்வரவில்லை. கடைசியில் டிரில் மாஸ்டர் நூலைக் கை காட்டினார். ஆபீசர் சாருக்கு இஷ்டமில்லை, ஆனால் வேறு ஆளும் இல்லை. படை முணுமுணுத்தது. அப்போதுதான் பன் வாயைத் திறந்தாள்.

"அவளே சொல்லட்டும். ஆனா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லட்டும்."

முதல் சனிக்கிழமை. நூல் படைக்கு வெளியே, பக்கவாட்டில் நின்றாள். உள்ளே இருந்தபோது அவளுக்குக் கால்கள் தாமாகத் தெரிந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஐம்பத்திரண்டு பூட்ஸ், எது இடது எது வலது என்று கண் குழம்பியது. வயிற்றிலிருந்து சத்தத்தை எக்கி எடுத்து 'அபௌட் டர்ன்' என்றாள். தப்பான காலில் விழுந்தது. அவள் சொன்னதை நம்பி இருபத்தாறு பேரும் அப்படியே திரும்பி, காலில் கால் சிக்கித் தடுமாறினார்கள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இடுப்பில் கை வைப்பதற்கு ஏற்ற நேரம்.

"தப்பு என்னோடது," என்றாள். "இன்னொரு தடவை."

இரண்டாவது முறையும் தப்பு. அதையும் சொன்னாள். ஏழாவது முறைதான் கால் கூடி வந்தது. பதினோராவது முறைக்குள் அவள் குரல் கம்மி, காற்றுதான் வந்தது. கடைசி வரிசைக்காரர்கள் அவள் கையைப் பார்த்துத் திரும்பினார்கள். கலைந்த பிறகு, இந்தக் குரலை வைத்துக்கொண்டு எந்தப் போட்டிக்குப் போவது என்று ஆபீசர் சார் டிரில் மாஸ்டரிடம் சலித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வருஷம் அவர்கள் எந்தப் போட்டியிலும் ஜெயிக்கவில்லை.

பேருந்தில் பன் அன்றும் முன்னால் தனியாகத்தான் உட்கார்ந்தாள். மறுபடி பக்கத்தில் வந்து உட்கார அவளுக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது.